சின்னமனூர் டூ பாங்காக்... காட்டுக் குற்றச் சங்கிலியில் உங்க போனும் ஒரு கண்ணியா?

2023 மே 27. அன்னிக்குக் காலையில தேனி மாவட்டத்துல யார் போனைத் திறந்தாலும் ஒரே வீடியோதான். கம்பம் டவுன் தெருவுக்குள்ள ஒரு ஒற்றை யானை ஓடிக்கிட்டிருக்கு. அரிக்கொம்பன்!

அதற்கு ஒரு மாதம் முன்புதான் கேரளாவின் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து நடந்து மேகமலைக்கு வந்தது, பிறகு கம்பத்துக்கு இறங்கியது. ஜூன் 5-ம் தேதி தமிழக வனத்துறை அதைப் பிடித்து, களக்காடு முண்டந்துறை பக்கம் மேல் கோதையாறுக்குக் கொண்டுபோனது.

இதில் ஒரு விஷயத்தை கவனிச்சீங்களா? அந்த யானை குமுளி செக்போஸ்ட்டில் நிற்கவில்லை. எது கேரளா, எது தமிழ்நாடு என்று அதற்குத் தெரியாது. மேகமலையும் பெரியாறும் அதற்கு ஒரே காடு. மணலாறு, இரவங்கலாறு பக்கத்துச் சோலைகளில் ஆரம்பிக்கிற மழைக்காடு, எல்லைக் கல்லைத் தாண்டி அப்படியே நீள்கிறது.

எல்லையைக் கண்டுகொள்ளாத இன்னொரு ஆளும் உண்டு. கடத்தல்காரன். யானையைச் சுடுவது ஒரு மாநிலத்தில், தந்தம் கைமாறுவது இன்னொரு மாநிலத்தில், அதைச் செதுக்குவது டெல்லியில், வாங்குபவர் வேறொரு நாட்டில். எல்லைக் கோட்டில் வந்து நின்றுவிடுவது சட்டம் மட்டும்தான். 'சர்வதேச ஒத்துழைப்பு' என்று செய்திகளில் வருகிறதே, அது ஜெனீவாவில் கோட் போட்டவர்கள் பேசுகிற விஷயம் என்று நினைத்து ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. அதன் வெற்றி, தோல்வி இரண்டுமே சின்னமனூரிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஒரு ஆணுக்கு நூறு பெண்!

ஆசிய யானைகளில் ஆண்களுக்கு மட்டும்தான் தந்தம் வெளியே நீண்டு வளரும். அதிலும் மக்னா எனப்படும் ஆண் யானைகளுக்குத் தந்தம் கிடையாது. அதனால், தந்தத்துக்காக வேட்டையாடுபவன் குறிவைப்பது கொம்பன்களை மட்டுமே.

இதன் விளைவு என்ன ஆனது தெரியுமா? ராமன் சுகுமார் உள்ளிட்ட யானை ஆய்வாளர்கள் பெரியாறில் கணக்கெடுத்தபோது, வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்குச் சுமார் 100 பெண் யானைகள் என்ற நிலை இருந்தது. 1970-கள் தொடங்கி நடந்த தந்த வேட்டையின் பலன் இது. எண்ணிக்கையைப் பார்த்தால் 'காட்டில் நிறைய யானைகள் இருக்கே' என்று தோன்றும். ஆனால் இணை சேர ஆண் இல்லை, குட்டிகள் பிறப்பது குறைகிறது. வெளியே பச்சையாகத் தெரிந்த காடு உள்ளே காலியாகிக்கொண்டிருந்தது.

உலகம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தம் 1975-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-ல் சேர்ந்தது. ஆசிய யானைக்கு ஆரம்பத்திலேயே அதன் முதல் பட்டியலில் இடம் கிடைத்தது. அதாவது, சர்வதேச வணிகத்துக்குத் தடை. ஆனால் ஆப்பிரிக்க யானைத் தந்தத்துக்கு 1989 வரை அந்த முழுத் தடை இல்லை. கடையில் இருக்கும் ஒரு தந்தத் துண்டைப் பார்த்து அது ஆப்பிரிக்காவா, பெரியாறா என்று வெறும் கண்ணால் யாரால் சொல்ல முடியும்? சட்டபூர்வமான சரக்குக்குப் பின்னால் திருட்டுச் சரக்கு ஒளிந்துகொள்ள அந்த ஓட்டை போதும். இந்தியாவிலும் 1986-ல் உள்நாட்டுத் தந்தத்துக்கு, 1991-ல் இறக்குமதித் தந்தத்துக்கு என இரண்டு கட்டங்களாகத்தான் கதவு மூடியது. சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையை மூடியது 2017 கடைசியில்!

ஒரு நாடு மட்டும் கதவைச் சாத்தினால், சரக்கு பக்கத்து நாட்டுக் கதவு வழியாக வரும்.

காட்டிலிருந்து டெல்லி வரை

'போச்சர்' வெப் சீரிஸ் பார்த்திருப்பீங்க. 2024-ல் அமேசான் பிரைமில் வந்தது. அதற்கு அடிப்படை, 2015-ல் கேரளாவில் நடந்த 'ஆபரேஷன் ஷிகார்'. மலையாற்றூர், இடமலையாறு காட்டுப் பகுதிகளில் நடந்த யானை வேட்டை பற்றி, அந்தக் கூட்டத்தோடு போன ஒருவரே வந்து சொல்லப்போய்த்தான் விஷயம் வெளியே தெரிந்தது. அதுவரை, பல யானைகள் செத்தது வனத்துறைக்கே தெரியாது.

கேரள வனத்துறையும், மத்திய அரசின் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து அந்த நூலைப் பிடித்துப் போனார்கள். காட்டில் சுட்டவன், தந்தத்தை வாங்கிய இடைத்தரகன், செதுக்கிய சிற்பி, கடைசியில் டெல்லி வியாபாரி. டெல்லியில் மட்டும் 400 கிலோவுக்கும் மேல் தந்தமும் தந்தச் சிற்பங்களும் பிடிபட்டன.

யோசிச்சுப் பாருங்க. காட்டுக்குள் துப்பாக்கியோடு போன ஆளை மட்டும் பிடித்து வழக்கை முடித்திருந்தால், டெல்லி வியாபாரி அடுத்த வாரமே இன்னொரு ஆளை அனுப்பியிருப்பார். பசியோடு இருக்கும் ஆட்களுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்?

இதே காரணத்துக்காகத்தான், 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் யானை வேட்டை வழக்குகளை விசாரிக்க சி.பி.ஐ, தமிழ்நாடு, கேரளா என மூன்று தரப்பு அதிகாரிகளும் இருக்கும் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மாநிலங்கள் ஒரே மேஜையில் உட்காருவதற்கே கோர்ட் உத்தரவு தேவைப்படுகிறது என்றால், நாடுகளை உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம்!

பட்டை உரித்தவர்கள் காவலர்கள் ஆன கதை

ஆனால், நல்ல கதையும் இதே காட்டில்தான் இருக்கிறது. குமுளி பக்கம் விசாரித்தால் சொல்வார்கள்.

1990-களில் பெரியாறு காட்டுக்குள் வயணா மரப்பட்டை உரிக்கும் கூட்டம் ஒன்று இருந்தது. வயணா என்பது காட்டு இலவங்க வகை. மசாலா சந்தையில் அந்தப் பட்டைக்கு நல்ல விலை. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். நாள்கணக்கில் காட்டுக்குள்ளேயே தங்குவார்கள், வனத்துறைக்குத் தண்ணி காட்டுவார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதையே கிடையாது.

அப்போது உலக வங்கியும், உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் பணம் கொடுத்து 'இந்தியா சூழல் மேம்பாட்டுத் திட்டம்' வந்தது. 1996 முதல் 2004 வரை நாட்டின் ஏழு காட்டுப் பகுதிகளில் நடந்தது. அதில் பெரியாறும் ஒன்று. வனத்துறை அதிகாரிகள் இந்தப் பட்டைக் கடத்தல் கூட்டத்திடம் ஒரு டீல் பேசினார்கள். 'வழக்குகளை விட்டுவிடுகிறோம். தொழிலை விட்டுட்டு வாங்க. உங்களுக்குத் தெரிந்த காட்டை நீங்களே காவல் காருங்க, டூரிஸ்ட்டுகளை அழைச்சிட்டுப் போங்க, அந்த வருமானம் உங்க சங்கத்துக்கே.'

இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 'முன்னாள் வயணா பட்டை சேகரிப்பாளர்கள்' என்ற பெயரிலேயே சூழல் மேம்பாட்டுக் குழு உருவானது. பழைய தொழிலைப் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள்! 'பெரியாறு டைகர் டிரெய்ல்' என்ற மலையேற்றத்தில் வெளிநாட்டுப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போவது இவர்கள்தான். கூடவே ரோந்தும் நடக்கிறது. எந்தப் பாதையில் திருடன் வருவான் என்று முன்னாள் திருடனுக்குத் தெரியாதா?

திட்டத்தின் பணம் 2004-ல் நின்றதும் எல்லாம் படுத்துவிடவில்லை. அதே ஆண்டு 'பெரியாறு ஃபவுண்டேஷன்' என்ற அறக்கட்டளை தொடங்கப்பட்டு, டூரிஸ்ட் வருமானத்தில் வேலை தொடர்ந்தது. பிறகு 2006-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஒரு அறக்கட்டளை வேண்டும் என்றது.

வெளிநாட்டுப் பணம் வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீங்க. இதே திட்டம் கர்நாடகாவின் நாகரஹொளேவுக்குப் போனபோது, அங்கிருந்த ஆதிவாசிகள் 'எங்களை வெளியேற்றப் பார்க்கிறார்கள்' என்று எதிர்த்தார்கள். உலக வங்கியின் விசாரணைக் குழு வரை புகார் போனது. ஒரே திட்டம், ஒரே பணம். பெரியாறில் காட்டை அறிந்தவனைக் கூட்டாளி ஆக்கினார்கள், நாகரஹொளேவில் அவன் தன்னை எதிரியாக நடத்துவதாக உணர்ந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிவர்ஸ் ரூட்: பாங்காக் டூ சென்னை

இவ்வளவு நேரம் நம்ம காட்டுப் பொருள் வெளியே போன கதை பார்த்தோம். இப்போ சங்கிலி தலைகீழாகவும் ஓடுது. அடுத்தவன் காடு நம்ம வீட்டு வரவேற்பறைக்கு வருது.

2022 ஆகஸ்ட்டில் பாங்காக்கில் இருந்து சென்னை விமான நிலையம் வந்த பயணியின் பெட்டியைத் திறந்தார்கள் சுங்கத்துறை அதிகாரிகள். உள்ளே மத்திய ஆப்பிரிக்கக் காடுகளைச் சேர்ந்த டி பிராஸா குரங்கு, 15 கிங் ஸ்னேக், 5 பால் பைத்தான், 2 அல்டாப்ரா ஆமை. 2023 ஜூலையில் கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்கு வந்த பயணியிடம் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். அமேசான் காட்டின் டாமரின் குட்டிக் குரங்குகூட சென்னையில் பிடிபட்டிருக்கிறது.

ஆப்பிரிக்கா, அமேசான், தென்கிழக்கு ஆசியா என்று மூன்று கண்டத்து உயிரினங்களும் தாய்லாந்து, மலேசியா வழியாக நம்ம ஊர் ஏர்போர்ட்டுக்கு ஏன் வருது? வாங்க ஆள் இருக்கு. 'எக்ஸோடிக் பெட்' ரீல்ஸ் ஒன்று உங்க ஃபீடிலும் வந்திருக்கும். தோளில் இக்வானா, கழுத்தில் பாம்பு, கையில் பால் குடிக்கும் குட்டிக் குரங்கு. 'சோ க்யூட்' என்று ஹார்ட் விட்டுட்டுப் போயிருப்போம். அந்தக் குட்டிக்கு அம்மா எங்கேன்னு யாரும் கேட்கலை. காட்டில் குரங்குக் குட்டியைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் தாயைக் கொன்றுவிட்டுத்தான் குட்டியைப் பிரிக்கிறார்கள்.

பிடிபட்ட பிறகு? சென்னையில் பிடிபட்ட விலங்குகளை அடுத்த விமானத்தில் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அது அந்தக் குரங்கு பிறந்த காடு இல்லை, பெட்டியில் ஏற்றிய ஊர். அதனால்தான் புறப்படும் இடத்திலேயே பிடிப்பது முக்கியம். 2024 மார்ச்சில் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில், ரெட் பாண்டா உட்பட 87 உயிரினங்களோடு மும்பைக்கு விமானம் ஏற இருந்த ஆறு இந்தியர்களைத் தாய்லாந்து அதிகாரிகள் கைது செய்தார்கள். இங்கே வந்த பிறகு பிடிப்பதற்கும் அங்கேயே பிடிப்பதற்கும் இடையில், அந்த உயிர்களுக்கு ஒரு விமானப் பயணம் மிச்சம்.

அப்போ இன்டர்போல் என்னதான் செய்யுது?

சினிமாவில் காட்டுவதுபோல இன்டர்போல் போலீஸ் வந்து யாரையும் கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போகாது. அது நாடுகளின் போலீஸுக்கு இடையே தகவல் ஓடும் ஒரு குழாய். 'ரெட் நோட்டீஸ்' என்பதும் கைது வாரன்ட் இல்லை. 'இந்த ஆளைத் தேடுறோம், உங்க ஊர்ல இருந்தா கண்டுபிடிச்சு, தற்காலிகமா பிடிச்சு வையுங்க' என்ற கோரிக்கை. பிடிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

சைட்டிஸுக்கும் போலீஸ் கிடையாது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தன் நாட்டில் சட்டம் போட்டால்தான் அதற்குப் பல் முளைக்கும். இந்தியாவே அந்தப் பட்டியல்களைத் தன் வன உயிரினச் சட்டத்துக்குள் முழுமையாகக் கொண்டுவந்தது 2022 திருத்தத்தில்தான். நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. ஒப்பந்தத்தில் சேர்ந்து 47 வருடம் கழித்து!

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இலங்கையின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் கொம்புப் பல்லிகள் தெரியுமா? இலங்கைச் சட்டப்படி அவற்றை ஏற்றுமதி செய்வது குற்றம். ஆனால் ஐரோப்பிய ஊர்வனச் சந்தைகளில் அவற்றை வெளிப்படையாகவே விற்றார்கள். காரணம், சைட்டிஸ் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. கொழும்பில் குற்றம், அங்கே போனால் வியாபாரம். இலங்கை போராடி, 2019-ல் ஜெனீவா மாநாட்டில் அவற்றைப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் நிலைமை மாறியது. அதே மாநாட்டில்தான் நம்ம நட்சத்திர ஆமையும் முழுத் தடைப் பட்டியலுக்குப் போனது. அமெரிக்காவில் 1900-லிருந்தே 'லேசி சட்டம்' இருக்கிறது. இன்னொரு நாட்டின் சட்டத்தை மீறிப் பிடித்த விலங்கைக் கொண்டுவந்தால், அமெரிக்காவிலும் அது குற்றம். எல்லா நாட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் பாதித் திருட்டுச் சந்தை படுத்துவிடும்.

அமேசான் நாடுகள் இப்போது அடுத்த படிக்குப் போயிருக்கின்றன. 2025 செப்டம்பரில் பிரேசிலின் மனாஸ் நகரில், அமேசான் நாடுகளின் போலீஸார் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்யும் மையம் திறக்கப்பட்டது. கடிதம் எழுதிப் பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்காமல், பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டால் போதும் என்பதுதான் யோசனை.

வலையில் மாட்டுவது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. ஐ.நா சுற்றுச்சூழல் திட்டமும் இன்டர்போலும் 2016-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகச் சுற்றுச்சூழல் குற்றங்களின் மதிப்பு ஆண்டுக்கு 91 முதல் 258 பில்லியன் டாலர். அவ்வளவு பணம் காட்டோரத்துக் குடிசைகளில் இருக்கிறதா என்ன?

நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கோங்க. 2022 மார்ச்சில், மேகமலைப் பகுதி மேய்ச்சல் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை போட்டது. முதலில் தமிழகக் காடுகள் எல்லாவற்றுக்கும் என்றிருந்தது, பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருங்கியது. தலைமுறை தலைமுறையாக மலைமாடு ஓட்டியவர்கள் ஒரே உத்தரவில் சட்டத்துக்கு எதிரே நின்றார்கள். காட்டுக்கு மேய்ச்சலால் பாதிப்பு இருக்கலாம், அது தனி விவாதம். ஆனால் மாடு மேய்ப்பவரும் தந்தம் விற்பவரும் ஒரே தராசில் நிற்க முடியாது. அவரைப் பகைத்துக்கொண்டால், காட்டுக்குள் அந்நியன் வந்தான் என்று முதலில் சொல்லக்கூடிய ஆளை வனத்துறை இழக்கிறது. வயணா பட்டைக் கூட்டம் கற்றுக்கொடுத்த பாடம் அதுதானே!

இப்போ உங்க போனுக்கு வருவோம்

இந்தச் சங்கிலியின் ஒரு முனை காட்டோரத்து ஆள். மறுமுனை வாங்குபவர். நடுவில்தான் தரகர், ஏர்போர்ட், இன்டர்போல் எல்லாம். நடுவில் பிடிப்பது செலவும் வருடங்களும் தின்னும் வேலை. இரண்டு முனைகளில் உடைப்பதுதான் சுலபம். முதல் முனையை உடைக்கலாம் என்று பெரியாறு காட்டியது. இரண்டாவது முனை உங்க கையில் இருக்கு.

முதலில், வீட்டுக் கூண்டைப் பாருங்க. பச்சைக்கிளி வளர்ப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். 'எங்க தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம்' என்பது சட்டத்தில் செல்லாது. நட்சத்திர ஆமையும் அப்படித்தான், அதிர்ஷ்டம் வரும் என்று வைத்திருந்தாலும்.

வெளிநாட்டு உயிரினம் வைத்திருக்கும் நண்பர் இருந்தால், 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்க. சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களுக்கு 2024 பிப்ரவரி விதிகளின்படி அது கட்டாயம். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள். ரசீதும் பதிவும் இல்லாத 'ஆஃபர்' விலை விலங்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

விற்பனைப் பதிவு, வாட்ஸ்அப் குரூப், ரீல்ஸ் கண்ணில் பட்டால் திட்டிக் கமென்ட் போடாதீங்க. கமென்ட்டும் அந்த வீடியோவைப் பத்துப் பேருக்குக் கூடுதலாகக் காட்டும். ஸ்க்ரீன்ஷாட், லிங்க் எடுத்து சின்னமனூர் வனச்சரக அலுவலகத்திலோ, வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்திலோ கொடுங்க. நீங்களே 'வாங்குற மாதிரி' பேசித் துப்பறியப் போக வேண்டாம்.

கடைசியாக, அடுத்த முறை சின்னமனூரிலிருந்து பைக்கில் மேகமலை ஏறும்போது சிங்கவால் குரங்கோ, யானையோ கண்ணில் பட்டால் படம் எடுங்க, சந்தோஷமா பகிருங்க. ஆனால் எந்த வளைவு, எந்த எஸ்டேட், எத்தனை மணி என்று லொகேஷனோடு போடாதீங்க. அந்தத் தகவலைச் சேகரிக்க ஒரு வேட்டைக்காரன் அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் காட்டில் நடக்க வேண்டியிருந்தது. இப்போ உங்க ஸ்டோரியைப் பார்த்தாலே போதும்.

போஸ்ட் போடும் முன் அந்த லொகேஷன் பட்டனை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க.